இடித்த வீட்டுத் தேக்கில் ஒரு பெட்டகம்

தமிழ்நாட்டில் பழைய மரம் தேடிப் போகிறவர் கைக்குப் பெரும்பாலும் வந்து சேர்வது பர்மாத் தேக்கு. இடிபடும் வீடுகளின் கூரையிலிருந்தும் மாடித் தளத்திலிருந்தும் நிலைகளிலிருந்தும் கழன்று, பழைய மரக்கடை முற்றங்களில் அடுக்கிக் கிடக்கும் இந்தக் கட்டைகளில் பல, எண்பது நூறு ஆண்டுகள் சுமை தாங்கியவை. அவற்றை அறுத்து, இழைத்து, துணிமணியும் பாத்திரமும் வைக்கும் பெட்டகமாக ஆக்குவது நல்ல தச்சருக்கு அரிய வேலை அல்ல. ஆனால் உளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே அந்த வேலையில் பாதி முடிந்திருக்க வேண்டும். புது மரமென்றால் முதலில் படம் போட்டுவிட்டு, அதற்கேற்ற பலகையை வாங்கலாம். பழைய மரத்தில் வழி நேர்மாறு. கிடைத்த கட்டையின் நீளம் என்ன, ஆணி எங்கே, உளுப்பு எங்கே, வைரம் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் பெட்டியின் அளவே முடிவாகும்.

மரம் வந்த வழி

பர்மாவின் தேக்குக் காடுகள் மூன்று போர்களில் பகுதி பகுதியாக ஆங்கிலேயர் வசமாயின. 1826-இல் தெனாசரிம் கடற்கரை, 1852-இல் கீழ் பர்மா, 1885-இல் மாண்டலேயும் மேல் பர்மாவும். முதல் போருக்குப் பிறகு சால்வின் ஆற்று முகத்தில் உள்ள மோல்மீன், தேக்குக்கென்றே ஒரு துறைமுகமாக வளர்ந்தது. 1863-இல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டதும் காட்டு வேலை பெருந்தொழிலாகவே ஆனது.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் மரத்தைச் சாய்ப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதையடுத்த வெளிறையும் வளையமாக வெட்டிவிடுவார்கள். வேரிலிருந்து நீர் ஏறாமல் மரம் நின்ற நிலையிலேயே பட்டுக் காயும். காய்ந்த மரத்தை வெட்டி, யானைகளை விட்டு ஓடைக்கரைக்கு இழுத்து, மழைக்கால வெள்ளத்தில் மிதக்கவிட்டு, பெரிய ஆற்றை அடைந்ததும் தெப்பமாகக் கட்டித் துறைமுகத்துக்குக் கொண்டுபோவார்கள். பழைய பர்மாத் தேக்கு இன்று அறுத்தாலும் பெரிதாக முறுக்கிக்கொள்ளாமல் இருப்பதற்கு, அன்று நின்றே நிதானமாகக் காய்ந்ததும் பிறகு கூரைக்கடியில் பல பத்தாண்டுகள் கிடந்ததும் சேர்ந்த காரணம்.

இந்த மரம் வங்கக் கடலைத் தாண்டி இங்கே வந்ததில் செட்டிநாட்டு வணிகர்களான நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பங்கு பெரிது. கீழ் பர்மாவின் நெல் விவசாயம் அவர்கள் கொடுத்த கடனில்தான் விரிந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. திருப்ப முடியாத கடனுக்கு நிலம் ஈடாக வந்து, முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் அவர்கள் பெயருக்கு மாறியது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்தக் கொடுக்கல் வாங்கல் அறுந்தது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்தில் இருந்த அவர்களுடைய வீடுகளில் தூண், உத்தரம், நிலை, கதவு என்று தேக்கு குவிந்துவிட்டிருந்தது. சென்னை போன்ற ஊர்களில் மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கும் இதுவே தளமரம். தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வரிசை வைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்தாக நிறுத்திப் போடும் தளம் அது. இப்போது பழைய மரக்கடைகளில் கிடைக்கும் நல்ல கட்டைகளில் பெரும்பங்கு இந்தத் தளங்களிலிருந்து இறங்கியவை.

மியான்மர் அரசு 2014 ஏப்ரல் 1 முதல் முழுத்தடி ஏற்றுமதியை நிறுத்தியது. காட்டு மரம் இனி முன்போல் வரப்போவதில்லை என்பதால், இங்கே வீடுகளில் இருப்பதன் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. இதில் ஒரு சங்கடமும் உண்டு. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னங்களின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டையே மரத்துக்காகப் பிரிப்பதும் நடக்கிறது. தூணும் செதுக்கிய நிலையும் முழுதாக இருந்தால் அவை அதே உருவில் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியவை. அவற்றை அறுத்துப் பெட்டி செய்வது மன்னிக்க முடியாத விரயம். பெட்டகத்துக்கு வேண்டியது செதுக்கு வேலை இல்லாத தளக்கட்டையும் கைமரமும் உடைந்த கதவின் பலகையும்தான். அவை ஏராளமாகவே கிடைக்கின்றன.

கடையில் பார்க்க வேண்டியவை

புழுதியும் சுண்ணாம்பும் படிந்த கட்டைகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். எது என்ன மரம் என்று தெரிய வேண்டுமானால் ஒரு மூலையில் உளியால் ஒரு சீவு சீவிப் பார்க்க வேண்டும். நேர்மையான கடைக்காரர் இதற்குத் தடை சொல்ல மாட்டார். தேக்கு என்றால் உள்ளே பொன்னிறம் கலந்த பழுப்பு தெரியும். விரலால் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு தட்டும். புதிதாகச் சீவிய இடத்தில் பதனிட்ட தோலின் வாசனை வரும். குறுக்கு முனையைச் சுத்தமாகச் சீவினால் ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக இருக்கும்.

அதே அடுக்கில் வேறு மரங்களும் கலந்திருக்கும். பலா வெட்டியதும் மஞ்சளாக இருந்து, வருடங்கள் போகப் போகச் செம்பழுப்பாகும். பெட்டிக்குத் தேக்கைவிடக் குறைந்ததல்ல. யாழ்ப்பாணத்திலும் இலங்கையின் பிற பகுதிகளிலும் பழைய பெட்டகங்கள் பலாவிலும் முதிரையிலும் செய்யப்பட்டன. வேங்கை உறுதியானது, ஆனால் அதன் வைரம் நீர் பட்டால் சாயம் விடும். வெள்ளைத் துணி வைக்கும் பெட்டிக்கு அது ஆகாது.

தேக்கில் வைரத்தையும் வெளிறையும் பிரித்தறிவதே முக்கியம். நடுமரமாகிய வைரத்தில் உள்ள டெக்டோகுவினோன் போன்ற பொருள்கள்தான் கரையானை அண்டவிடாமல் தடுக்கின்றன. ஓரத்தில் வெளிர்மஞ்சளாகத் தெரியும் வெளிறில் அந்தக் காப்பு இல்லை. அதில் உள்ள மாவுச்சத்தைத் தின்ன வண்டு வரும், உளுத்துப்போகும். பர்மாத் தேக்கா, நாட்டுத் தேக்கா, தோட்டத் தேக்கா என்று கடைகளில் நடக்கும் வாதத்தை இந்த ஒரே அளவுகோலால் தீர்க்கலாம். 1840களில் நிலம்பூரில் மலபார் கலெக்டர் கானொலி தொடங்கிவைத்த தோட்டத்துத் தேக்கும் முதிர்ந்தபின் முதல்தரமானதுதான். இருபது ஆண்டில் வெட்டிய மரத்தில் வெளிறு மிகுந்திருக்கும், அதுதான் குறை. முதிர்ந்த காட்டு மரத்திலிருந்து அறுத்த பழைய கட்டையில் வெளிறு சில சமயம் ஓரத்தில் ஒரு கோடாக மட்டுமே இருக்கும்.

சுவருக்குள் புதைந்திருந்த முனைகளை முதலிலேயே சந்தேகிக்க வேண்டும். ஈரம் ஏறுவதும் கரையான் நுழைவதும் அங்கேதான். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உளுத்த இடம் மொத்தென்று அடங்கும். கத்தி முனையை அழுத்தினால் அமுங்குகிற பகுதியை அளவில் சேர்க்கவே கூடாது. ஊசித்துளைகள் இருந்தால் அவை பழையனவா, உள்ளே இன்னும் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டையைத் தட்டிச் சுத்தம் செய்து, கறுப்புத் துணியின் மேல் சில நாள் வைத்தால் போதும். துணியில் புதிதாக மாவு உதிர்ந்திருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. அப்படிப்பட்ட பகுதியை வெட்டி எறிவதே நல்லது. எறிய மனமில்லையென்றால் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரைப் பல முறை பூசிக் காயவைக்க வேண்டும்.

தேக்கு கட்டுப்படியாகாதவர்கள் இறக்குமதி இயந்திரங்கள் வந்த பேக்கிங் மரத்தை நாடுகிறார்கள். பெரும்பாலும் பைன் மரம், லேசானது, இழைக்க எளிது. அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எச்டி என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது, எடுக்கலாம். எம்பி என்றால் மீத்தைல் புரோமைடு வாயுவில் வைக்கப்பட்டது. வீட்டுப் பெட்டிக்கு வேண்டாம். பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளில் கிரியோசோட் எண்ணெய் ஏறியிருக்கும். அது நச்சு, எவ்வளவு இழைத்தாலும் முழுதாகப் போகாது. மரம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் துணி வைக்கிற பெட்டிக்கு அதைத் தொடக்கூடாது.

ஆணி, சுண்ணாம்பு, பெயின்ட்

கடையிலிருந்து வந்த கட்டைக்கு முதல் நாள் வேலை கம்பித் தூரிகையால் தேய்ப்பது. மெட்ராஸ் டெரஸ் கட்டையின் மேல்முகத்தில் சுண்ணாம்புச் சாந்து கெட்டியாக ஒட்டியிருக்கும். அதன் மேல் இழைப்புளியை ஓட்டினால் அலகின் முனை ஒரே இழைப்பில் போய்விடும். தேக்குக்குள்ளேயே மணற்சத்து உண்டு. சுத்தமான தேக்கே அலகை மழுக்கும் மரம். அதனால் சாந்தை உளியின் பழைய அலகால் செதுக்கி, தூரிகையால் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது ஆணி. தலை தெரிகிற ஆணியைக் குறடாலோ ஆணி பிடுங்கியாலோ எடுத்துவிடலாம். தலை ஒடிந்து உள்ளே புதைந்ததுதான் ஆபத்து. கையில் பிடிக்கும் உலோகங்காட்டியை நான்கு முகத்திலும் ஓட்டி, ஒலிக்கிற இடத்தையெல்லாம் சாக்குக்கட்டியால் வட்டமிட வேண்டும். நல்ல காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டும் பார்க்கலாம். ஒடிந்த ஆணியைச் சுற்றித் துரப்பணத்தால் துளையிட்டு, ஆணியைக் கட்டையோடு சேர்த்தே எடுத்துவிட்டு, அதே தேக்கில் செய்த முளையை அடிப்பது நல்ல முறை. அறுவை மில்காரர்கள் பழைய மரத்தை ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் இந்த ஆணிகளே. ஒரே ஒரு ஆணி பட்டை ரம்பத்தை அறுத்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

இரும்பு இருந்த இடத்தைச் சுற்றி மரம் கறுத்திருக்கும். அது ஆழமாக ஓடியிருந்தால் இழைத்து எடுக்க முடியாது. ஆக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவினால் கறை வெளுக்கும். அது நச்சு, கையுறை போட்டுத் தடவி, பிறகு நல்ல நீரால் பல முறை கழுவ வேண்டும். கறையைக் கறையாகவே விட்டுவிடுவதும் உண்டு. உளி வேலை சுத்தமாக இருந்தால் அந்தக் கறுப்புப் புள்ளிகள் பெட்டிக்கு அழகுதான். பூச்சுப் போட்டு மறைப்பதைவிட அது நேர்மையானது.

கதவு, ஜன்னல் பலகையில் பழைய பெயின்ட் இருந்தால் அங்கே அவசரம் கூடாது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் எதிலும் ஈயம் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூள் காற்றில் கலக்கும். நெருப்பால் சுட்டால் ஈயப்புகை வரும். ரசாயன நீக்கியால் இளகச் செய்து, ஈரத்தோடு சுரண்டி, சுரண்டியதைத் தனியே கட்டி அப்புறப்படுத்த வேண்டும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் பெயின்ட் பூசிய மரத்தை வாங்காமலே இருக்கலாம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-இலேயே வகைப்படுத்தியது. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொடுக்கும். மூக்கை மறைக்கும் முகக்கவசம் இல்லாமல் பழைய தேக்கை அறுக்கவோ தேய்க்கவோ கூடாது.

கட்டைக்கேற்ற அளவு

மாடித் தளத்திலிருந்து இறங்கிய கட்டையை எடுத்துக்கொள்ளலாம். 3 அங்குலத்துக்கு 5 அங்குலம், நீளம் பத்தரை அடி. சுவருக்குள் இருந்த இரு முனைகளையும் முக்கால் அடி வீதம் கழித்தால் மிஞ்சுவது 9 அடி. 3 அங்குலக் கனத்தை அறுவை மில்லில் மூன்றாகப் பிளந்தால், வாள்வாய்க்குப் போனது போக ஒவ்வொரு பலகையும் கிட்டத்தட்ட முக்காலே அரைக்கால் அங்குலம் இருக்கும். இரு முகமும் இழைத்தபின் முக்கால் அங்குலம். ஓரங்களைச் சுத்தம் செய்ததும் அகலம் நாலரை அங்குலமாகக் குறையும்.

9 அடிப் பலகையில் மூன்றரை அடித் துண்டு இரண்டும் ஒன்றரை அடித் துண்டு ஒன்றும் வெட்டலாம். அரை அடி சேதாரம். ஆக ஒரு கட்டைக்கு ஆறு நீளத் துண்டும் மூன்று குட்டைத் துண்டும் தேறும். பெட்டிக்கு முன்பக்கம், பின்பக்கம், அடி, மூடி ஆகிய நான்குக்கும் நான்கு நான்காக 16 நீளத் துண்டு வேண்டும். இரு பக்கவாட்டுக்கு எட்டுக் குட்டைத் துண்டு. மூன்று கட்டையில் 18 நீளமும் 9 குட்டையும் கிடைத்துவிடும். காலுக்கும் தாங்கு சட்டங்களுக்கும் நான்காவது கட்டை. பெட்டி முடியும்போது வெளியளவு நீளம் 40 அங்குலம், அகலமும் உயரமும் ஏறத்தாழ 17 அங்குலம். மூடி மட்டும் சற்றே வெளியே நீண்டிருக்கும். இந்த அளவு எந்தப் புத்தகத்திலிருந்தும் வந்ததல்ல. கட்டையின் 9 அடி கொடுத்தது.

வாங்குகிற நான்கு கட்டை சேர்ந்தால் ஏறத்தாழ 4.4 கன அடி. பெட்டியாக நிற்கப்போவது 2 கன அடிக்கும் குறைவு. பாதிக்கு மேல் தூளாகவும் துண்டாகவும் போகிறது என்று தெரிந்தே விலை பேச வேண்டும். மீதித் துண்டுகளை எறிய வேண்டியதில்லை. ஆணித் துளை அடைக்கும் முளைக்கும் உள்ளே வைக்கும் சிறு தட்டுக்கும் அவை போதும். முடிந்த பெட்டி வெறுமையாகவே 30 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால், எந்த அறைக்குப் போகிறது, படிக்கட்டில் திரும்புமா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

பிளந்த பலகையை அன்றே இழைக்கக்கூடாது. நூறாண்டு கிடந்த கட்டையானாலும் நடுவில் இறுக்கம் இருக்கும். பிளந்ததும் அது விடுபட்டுப் பலகை லேசாக வளையும். இடையிடையே சம கனமான சட்டம் வைத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, மூன்று நான்கு வாரமாவது விட வேண்டும். அதன்பின் இழைத்தால் நேராக நிற்கும்.

மரத்தின் அசைவு

எவ்வளவு பழையதானாலும் மரம் மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை வாங்கி அகலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். நீளத்தில் மாற்றம் இல்லையென்றே சொல்லலாம். தேக்கு இந்த அசைவு மிகக் குறைந்த மரங்களில் ஒன்று. ஆனாலும் வளையங்களுக்குத் தொடுகோடாக அறுத்த 17 அங்குல அகலப் பலகையில், மரத்தின் ஈரம் 4 சதவீதம் மாறினால் 3 மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறையும். வளையங்களுக்குக் குறுக்காக அறுத்த பலகையில் இது ஏறக்குறைய பாதிதான். கட்டையைப் பிளப்பதற்கு முன் குறுக்கு முனையில் வளையங்கள் போகும் திசையைப் பார்த்து எந்த முகத்தை அறுப்பது என்று மில்காரரிடம் சொல்வது இதற்காகத்தான்.

3 மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். அதைத் தடுக்கப் பார்க்கும் பெட்டி வெடித்துவிடும். அகலப் பலகையின் குறுக்கே ஒரு சட்டத்தை முழு நீளத்துக்கும் பசையிட்டு ஒட்டினால், பலகை சுருங்கப் பார்க்கும், சட்டம் விடாது. இரண்டு மூன்று கோடைக்குள் பலகை நடுவில் பிளக்கும். பழைய பெட்டிகளின் மூடிகளில் காணும் வெடிப்பில் பெரும்பாலானவை இப்படி வந்தவை. அதனால் நான்கு சுவர்களிலும் மரத்தின் ஓட்டம் ஒரே திசையில், தரைக்கு இணையாக, பெட்டியைச் சுற்றி ஓடும்படி அமைக்க வேண்டும். அப்போது நான்கு பக்கமும் சேர்ந்தே உயரும், சேர்ந்தே தாழும். மூலையில் எந்த இழுபறியும் இராது.

ஒட்டும் மூட்டும்

நாலரை அங்குலத் துண்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத்தான் 17 அங்குலப் பலகை வருகிறது. தேக்கின் எண்ணெய்ப் பிசுக்கு பசைக்குப் பகை. இழைத்து ஒரு நாள் போன ஓரத்தில் பசை சரியாகப் பிடிக்காது. ஓரத்தைப் புதிதாக ஒரு இழைப்பு இழைத்து, அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் பசை தடவிக் கிளாம்பால் இறுக்கிவிட வேண்டும். பழைய தச்சர்கள் வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி ஊற்றியதோடு ஓரங்களுக்கிடையே மூங்கில் ஆணியும் வைத்தார்கள். இன்றைய பசைக்கு அந்த ஆணி வலுவுக்காக வேண்டியதில்லை. இறுக்கும்போது பலகைகள் மேலும் கீழும் வழுக்காமல் இருக்க உதவும். நான்கு துண்டையும் ஒட்டுமுன் தரையில் பரப்பி, நிறமும் ரேகையும் ஒன்றோடொன்று சேரும்படி மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதற்கு ஒரு மாலை செலவானாலும் தகும்.

மூலைக்குப் புறாவால் மூட்டைவிடச் சிறந்தது இல்லை. ஒரு பலகையின் முனையில் விரிந்த வால்கள், மற்றதில் அவை உட்காரும் பள்ளங்கள். தேக்கு போன்ற கடின மரத்தில் வாலின் சாய்வு எட்டுக்கு ஒன்று போதும். அதற்கு மேல் சாய்த்தால் வாலின் கூர்முனை உதிரும். வால்கள் எந்தப் பலகையில் இருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கைப்பிடி பக்கவாட்டில் இருப்பதால், நிறைந்த பெட்டியைத் தூக்கும்போது பக்கப்பலகைகள் வெளிப்புறமாக இழுபடும். அந்த இழுவையைத் தாங்க வால்கள் முன்பின் நீளப் பலகைகளில் அமைய வேண்டும். மாற்றிச் செய்தால் பாரம் முழுவதும் பசையின் மேல் விழும்.

17 அங்குல உயரத்துக்கு ஆறு ஏழு வால்கள் தாராளம். முதலில் வால்களை வெட்டி, அதே பலகையை மற்றதன் முனைமேல் நிறுத்தி, கத்தி முனையால் கோடு எடுத்து, கோட்டை விட்டுவைத்து ரம்பம் பிடிக்க வேண்டும். மீதியை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு இரு புறமிருந்தும் செதுக்க வேண்டும். ஒரே புறமிருந்து அடித்தால் மறுபுறம் சிதறும். இந்த இடத்தில் ஆணித்துளையோ முடிச்சோ வராதபடி முன்பே துண்டைத் தேர்ந்து வைத்திருக்க வேண்டும். பழைய தேக்கு முனையில் சற்று நொறுங்கும் தன்மை உடையது. உளி சாணை பிடித்துக் கூர்மையாக இருந்தால் மட்டுமே வால் சுத்தமாக வரும். மூட்டை ஒரு முறைதான் முழுதாகச் சேர்க்க வேண்டும். சேர்த்துக் கழற்றிச் சேர்த்துக் கழற்றினால் தளர்ந்துவிடும்.

அடியும் மூடியும்

அடிப்பலகையைப் பசையிட்டு ஒட்டுவதே இல்லை. நான்கு சுவர்களின் உட்புறமும் கீழ்விளிம்புக்கு ஓர் அங்குலம் மேலே காடி எடுத்து, அதில் அடிப்பலகையைச் செருகிவிட வேண்டும். அகலத்தில் 3 மில்லிமீட்டர் இடம் விட்டால் அது தன் போக்கில் விரியவும் சுருங்கவும் முடியும். நான்கு துண்டையும் ஒட்டாமல், ஒன்றின் ஓரத்தில் நாக்கும் மற்றதில் காடியுமாகக் கோத்துவிடுவது இன்னும் நல்லது. அப்படிச் செய்தால் அசைவு நான்கு இடத்தில் பிரிந்து கண்ணுக்கே தெரியாது. கீழிருந்து மூன்று குறுக்குச் சட்டம் தாங்கல் கொடுத்தால் பாத்திரப் பாரத்தையும் ஏற்கும்.

நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். பெட்டி தரையோடு ஒட்டி நின்றால் அடி எப்போதும் ஈரமாகவே இருக்கும். நான்கு மூலையிலும் 4 அங்குலக் கால் வேண்டும். துடைப்பம் நுழையும், காற்று ஓடும், கரையான் தடம் ஏறினால் கண்ணில் படும்.

மூடிக்கு அடியில் இரண்டு குறுக்குச் சட்டம், பலகை வளையாமல் இருக்க. அவற்றை நடுவில் ஒரு திருகால் மட்டும் அசையாமல் பிடித்து, இரு ஓரத் திருகுகளுக்கும் சட்டத்தில் நீள்துளை போட வேண்டும். பலகை விரியும்போது திருகு அந்த நீள்துளைக்குள் நகரும். திருகு பித்தளையாக இருக்கட்டும். இரும்புத் திருகு தேக்கில் கறுப்புக் கறை விடும். பித்தளை மென்மையானது, கடின மரத்தில் நேரடியாக முறுக்கினால் தலை ஒடிந்துபோகும். அதே அளவு இரும்புத் திருகை முதலில் ஏற்றி இறக்கி வழி செய்துகொண்டு, பிறகு மெழுகு தடவிய பித்தளைத் திருகை ஏற்றுவது வழக்கம்.

கீல் கனமானதாக இருக்க வேண்டும். 40 அங்குல மூடிக்கு மூன்று கீல். பழைய பித்தளைக் கீலும் நாதாங்கியும் கைப்பிடியும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும். ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மூடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள் எதையும் இவ்வளவு பெரிய பெட்டியில் பொருத்தக்கூடாது. குழந்தை உள்ளே ஒளிந்து விளையாடும். மூடி திடீரென விழாமல் இருக்க இரு புறமும் தாங்குகோல் வேண்டும். முன்விளிம்பில் அரை அங்குலம் காற்றிடைவெளி விட்டாலோ, பின்பலகையின் மேற்பகுதியில் சில துளைகள் போட்டாலோ காற்றுக்கும் வழியிருக்கும். துணிக்கும் அந்தக் காற்று நல்லது.

பூச்சு

பழைய தேக்கின் நிறத்தைக் கெட்டியான வார்னிஷில் மூடுவது அநியாயம். இழைத்தபின் நுண்ணிய உப்புத்தாளால் ரேகை வழியே தேய்த்து, ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தடவி, ஊறியது போக மிச்சத்தை அரைமணியில் துடைத்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டு மறுபடி, இப்படி மூன்று நான்கு கை. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது காயும்போதே சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும்; தண்ணீரில் நனைத்தோ வெளியில் விரித்துக் காயவைத்தோதான் எறிய வேண்டும். பளபளப்பு வேண்டுமானால் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பிரெஞ்சுப் பாலிஷ் ஏற்றலாம். தேக்கின் எண்ணெய் சில பூச்சுகளைக் காயவிடாது. அரக்கு அதைப் பொருட்படுத்தாமல் காய்ந்துவிடும்.

பெட்டிக்குள் எண்ணெய் கூடாது. மூடிய இடத்தில் அது சிக்கு வாடை அடித்து, துணியிலும் ஏறும். உட்புறத்தைச் சும்மா விடலாம். அல்லது ஒரு கை அரக்கு. பட்டுப் புடவை வைப்பவர்கள் பருத்தித் துணியை விரித்து, அதன் மேல் வைத்துக்கொள்ளலாம். பூச்சி வராமலிருக்க ஒரு துண்டு வசம்பைத் துணியில் முடிந்து போடும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

சுவரை ஒட்டி வைக்காமல் நான்கு விரல் தள்ளி, நேர் வெயில் படாத இடத்தில் வைத்தால் வருடத்துக்கு ஒரு முறை தேன்மெழுகு தேய்ப்பதைத் தவிர வேறு பராமரிப்பு தேவைப்படாது. முதல் மழைக்காலமும் முதல் கோடையும் கடந்ததும் மூடியின் திருகுகளை ஒரு முறை பார்த்து, தளர்ந்தவற்றை இறுக்கிவிட வேண்டும்.